அசையாத முனை

அவசர அழைப்பு மையத்துக்கு ஹெட்செட் செய்து கொடுக்கும் வேலையை அக்காவும் தங்கையும் எடுத்திருந்தார்கள். வயரின் முனையில் எந்தக் கனெக்டர் போடுவது என்பதில்தான் இழுபறி. பளபளக்கும் பிளாஸ்டிக் அக்காவுக்குப் பிடித்திருந்தது. தங்கையோ ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டரில் செருகி, வயரைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பார்த்தாள்.

"விட்டா கம்ப்யூட்டரையே கீழ தள்ளிடுவே போலிருக்கே!"

"அங்க இருக்கறவங்க பதற்றத்துல சட்டுனு எழுந்திருப்பாங்கக்கா. அப்ப லைன் கட்டாகலாமா?"

கடைசியில், கழுத்தில் ரப்பர் உறை போட்டு, திருகிப் பூட்டும் உலோகக் கனெக்டர்தான் அவள் கைக்குத் தாக்குப்பிடித்தது. அதையே போட்டுக் கொடுத்தார்கள்.

சில மாதம் கழித்து மையத்தின் மேற்பார்வையாளர் பட்டறைக்கே வந்துவிட்டார்.

"நேத்து ஒரு வீட்டுல திடீர்னு பிரசவம். அழைப்பை எடுத்த எங்க ஆபரேட்டர் பொண்ணு போன்லயே வழி சொல்லிட்டிருந்தா. பாதியில நாற்காலிச் சக்கரம் வயர்ல ஏறி இழுத்துடுச்சு. கனெக்டர் அசையவே இல்ல. குழந்தை வீல்னு கத்தினது ஹெட்செட்டைத் தாண்டி எங்க எல்லாருக்குமே கேட்டுச்சு."

அக்கா தங்கையின் தோளில் கைபோட்டு, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்:

"அதத் தேடிப் பிடிச்சது என் தங்கச்சிங்க!"

தங்கை கூச்சப்பட்டுத் தலைகுனியவில்லை. நிமிர்ந்தே நின்றாள்.