போனை எங்கே வைப்பது?

1

'டம்!'

சத்தத்தோடு ஆரம்பித்தால் வாசகர் பக்கத்தைப் புரட்டிவிட மாட்டார். இத்தனை வருடம் வாரப் பத்திரிகைகளுக்கு எழுதி நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான். அடுத்த வாக்கியம் இப்படி இருந்தது: "காரின் முன்பக்கத்தில் ஏதோ மோதிய..."

அடித்துவிட்டேன். மோதியது 'ஏதோ' அல்ல. மருந்துக்கடையில் வேலை முடித்துச் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்த ஒரு பெண். அவளை வெறும் சத்தமாக்கி ஒரு கதையைத் தொடங்குவது எனக்கே பிடிக்கவில்லை. வேறு தொடக்கமும் அமையவில்லை. 'டம்' இருந்துவிட்டுப் போகட்டும்.

இந்தக் கதை என் கற்பனையில் உதித்தது என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குக் கீழே, தரைத்தள வீட்டில் நடந்துகொண்டிருப்பது இது. (அடையாளம் தெரியாமலிருக்க ஒன்றிரண்டை மாற்றியிருக்கிறேன். எவை என்று கேட்காதீர்கள்.) துணை ஆசிரியர் போன் செய்தார்.

"மேடம், சாலைப் பாதுகாப்பு சிறப்பிதழ். வண்டி ஓட்டும்போது போன்ல மேப் பார்க்கிறாங்கல்ல, அதைப் பத்தி ஒரு கதை. கொஞ்சம் அழ வைங்க. ரொம்ப வேணாம், அடுத்த பக்கம் டயர் விளம்பரம்."

"சரி" என்றேன். கீழ்வீட்டுக் கதவு அன்றும் சாத்தியே இருந்தது.

2

கதாநாயகன் பள்ளி வேன் ஓட்டுநர். கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பட்டப்பெயர், மேப்பு. குழந்தைகளுக்கு மேப்பு மாமா. எந்தச் சந்து எங்கே போய் முட்டும், எந்த சிக்னல் மழை பெய்தால் படுத்துவிடும், எல்லாம் அத்துப்படி. "போனைப் பார்த்து ஓட்டுறவன்லாம் ஒரு டிரைவரா? சம்பளத்தை போனுக்கே குடுத்துடலாமே" என்பது அவர் வழக்கமாகச் சொல்வது.

ஊர் அவரைக் கேட்காமலே வளர்ந்துவிட்டது. அவருடைய மனைவியின் அக்கா, புதிதாக முளைத்த ஒரு குடியிருப்புக்குக் குடிபோனாள். முதல்முறை அங்கே போகும்போது மேப்பு வேறு வழியின்றிப் போனை ஸ்டாண்டில் மாட்டினார். போனிலிருந்த பெண் குரல் வளைத்து வளைத்துக் கூட்டிப்போய் ஒரு செங்கல் சுவருக்கு முன் நிறுத்தி, சேர வேண்டிய இடம் வந்துவிட்டதாக அறிவித்தது.

அன்று சாப்பாட்டு மேசையில் அதுதான் பேச்சு. மனைவி எழுந்து நின்று, மூக்கால் பேசி, "சுவருக்குள் நேராகச் செல்லவும்" என்று நடித்துக் காட்டியிருக்கிறாள். அக்காள் கணவர் விடவில்லை: "என்ன சகலை, மேப்புக்கே மேப்பா?" பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அவரும் சிரிச்சாருக்கா, தட்டைப் பார்த்துட்டே" என்று மாடிப்படியில் நின்று என்னிடம் சொன்னபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. நானும் சிரித்தேன். அப்போது விபத்து நடந்திருக்கவில்லை. மறுநாளே அவர் ஸ்டாண்டைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டதையும் சிரிப்போடு சிரிப்பாகத்தான் சொன்னாள்.

3

விபத்து நடந்தது ஒரு ஞாயிறு, விளக்கு போடுகிற நேரம். அதே அக்கா வீட்டுக்கு இருவரும் காரில் போகும் வழி. போலீஸில் மனைவி சொன்னது: "போன் என் கையில இருந்துச்சு. நான்தான் வழி சொல்லிட்டு வந்தேன். சைக்கிள் திடீர்னு குறுக்க வந்துடுச்சு."

வருகிற திங்கட்கிழமை விசாரணை. போன் அவர் கையில் இருந்ததென்றால் லைசென்ஸ் போகும், வேன் போகும், உள்ளே போகவும் வேண்டியிருக்கலாம். அவள் கையில் இருந்ததென்றால் அது விபத்து, தப்பு சைக்கிளுடையது.

நானும் போனை அவள் கையிலேயே வைத்து எழுத உட்கார்ந்தேன்.

"'அடுத்த லெஃப்ட்டுங்க' என்றாள் போனைப் பார்த்தபடி. 'இல்ல இல்ல, அதுக்கடுத்த...'"

இதற்குமேல் பேனா நகரவில்லை. காரணம் அவளேதான். அந்த மாலையைப் பற்றி அவள் எத்தனையோ தடவை என்னிடம் சொல்லி அழுதிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் வரும்: "அக்கா வீட்டு ஜன்னலுக்கு என்ன திரை போடலாம்னு பேசிட்டே வந்தேன்க்கா. மஞ்சள்னு சொன்னேன். மஞ்சள்ல அழுக்கு தெரியும்னு நானே சொன்னேன். வழியில ஒவ்வொரு வீட்டு ஜன்னலா பார்த்துட்டே வந்தேனா, டம்னு..."

வழி சொல்கிறவள் ஜன்னல் ஜன்னலாகத் திரை பார்த்துக்கொண்டு வரமாட்டாள். இரண்டு பேச்சும் ஒரே வாயில் நிற்காது. இந்த மாதிரி ஓட்டையை என் வாசகர்கள் தபால் போட்டுக் கேட்பார்கள்.

சரி, போனை ஸ்டாண்டில் வைத்தால்? அது இழுப்பறையில் கிடக்கிறது. போனே இல்லையென்றால்? (கதையே இல்லை. பக்கம் முழுக்க டயர்தான்.)

4

இந்தப் பகுதியை நீக்கிவிடலாம் என்று நினைத்தேன். கதையின் வேகத்தைக் குறைக்கிறது.

மருத்துவமனைக்குப் போய் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். காலில் இரும்புக் கம்பிகள். போர்வை அந்தக் காலைத் தொடாமலிருக்க அவள் அம்மா அதைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கதை எழுதுகிறவள் என்று சொல்ல வாய் வரவில்லை. கீழ்வீட்டுக்காரர்களைத் தெரியும் என்று மட்டும் சொன்னேன்.

"நான் குறுக்க போகலைங்க" என்றாள். "ஓரமாத்தான் போனேன். அவர் தலை குனிஞ்சிருந்துச்சு. என்னைப் பார்க்கவே இல்ல. யார்கிட்ட சொன்னாலும், வலியில உனக்குச் சரியா ஞாபகம் இருக்காதும்மாங்கிறாங்க."

"எழுதிக்கிட்டாங்களா?"

"சைக்கிள்ல லைட் இருந்துச்சான்னு மட்டும் எழுதிக்கிட்டாங்க."

5

முடிவுகள்.

முதல் முடிவு: விசாரணையில் மனைவி சொன்னது நிற்கிறது. மேப்பு மாமா வேனுக்குத் திரும்புகிறார். குழந்தைகள் கத்துகிறார்கள். அவர் ஒரு சந்தில்கூடப் புகாமல், பெரிய ரோட்டிலேயே...

இரண்டாவது: அவர் எழுந்து நின்று, "போன் என்கிட்டதான் இருந்துச்சு" என்கிறார். அச்சில் அழகாக இருக்கும். ஆனால் நான் தினமும் பார்க்கிற மனிதர் எழுந்து நிற்பவராக இல்லை. சாப்பிடக் கூப்பிட்டால்கூட இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருக்கிறது.

என் மேசையில் இரண்டு பிரதிகள் இருந்தன. ஒன்றில் போன் அவள் கையில். நான்காம் பகுதி கிடையாது. மற்றொன்றில் எல்லாம் இருக்கிறது. எதை அனுப்பினேன் என்பது, இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்குத் தெரியும். அது சரியா என்று எனக்குத் தெரியாது. திங்கட்கிழமையை நான் எழுதப்போவதில்லை. அதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எழுதுவதற்கு முன்னால் இரண்டு வீட்டிலும் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

6

ஒன்று பாக்கி.

எங்கள் பத்திரிகையில் கதைக்கு முன்பே படம் வந்துவிடும். ஓவியரிடம் போனில் ஒரு வரி சொல்வார்கள். அவர் வரைந்து தள்ளிவிடுவார். படத்துக்காக மீசை இல்லாதவனுக்கு நான் மீசை வைத்ததுண்டு. இந்தத் தடவை வந்த படத்தில் ஓட்டுநர் தலை குனிந்திருந்தார். போன் மடியில் இருந்தது.

"மடியில ஏன் வச்சீங்க?" என்று ஓவியரைக் கேட்டேன்.

"கீழேயிருந்து வெளிச்சம் அடிச்சாத்தான் மூஞ்சி எடுப்பா இருக்கும் மேடம். வேணும்னா கதையை மாத்திக்கோங்க, படம் அச்சுக்குப் போயாச்சு."

அந்தப் படம் மேசைமேல் கிடந்தபோதுதான் கீழ்வீட்டுப் பெண் மேலே வந்தாள். விசாரணைக்கு என்ன உடுத்திப் போவது என்று கேட்க வந்தவள், படத்தைப் பார்த்ததும் கேள்வியை விட்டுவிட்டாள்.

"யாருக்கா சொன்னா?"

"யாரும் சொல்லல. வெளிச்சத்துக்காக ஓவியர் போட்டது."

படத்தைக் கையில் எடுத்தாள். கீழே அவர் இருமுவது கேட்டது. அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"எங்க அக்கா வீட்ல எல்லாரும் சிரிச்சோம்ல, அதுலேர்ந்து சத்தத்தை அணைச்சுட்டு மடியிலதான் வச்சுக்குவாரு, பாவம், கூச்சப்படாம பார்த்துக்கட்டும்னுதான்க்கா நான் அந்தப் பக்கம் திரும்பி, திரை திரைன்னு பேசிட்டே வந்தேன்."