யார் ஊற்றுவது

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, கடைவரை நடக்க முடிகிறதா என்று நர்ஸ் லூர்தெஸ் கேட்கக் கேட்க, டார்டோ எல்லாவற்றுக்கும் நல்லபடியாகவே பதில் சொன்னார். மாரடைப்புக்குப் பிறகு வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று அளந்து பார்க்கும் கேள்விகள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி நீபியாவுக்குத் தானே பரீட்சையில் தேறிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

"வீட்டுல உங்களை ரொம்பத்தான் பொத்திப் பொத்தி வச்சிருக்காங்கன்னு தோணுதா, ஐயா?"

டார்டோ சிரித்தார். "என் பிளாஸ்க்கையே இவ பிடுங்கி வச்சிருக்கா."

"கனமா இருக்கேன்னு நான்தான் எடுத்துக்கிட்டேன்" என்றாள் நீபியா.

"எங்க வீட்டுப் பூனை அதைவிடக் கனம். அதைத் தூக்க மட்டும் விடுறா."

லூர்தெஸ் சிரித்துக்கொண்டே 'எப்போதும்' என்ற கட்டத்தில் குறியிட்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் நீபியாவுக்குப் பழைய மாலைகள் நினைவுக்கு வந்தன. கல்யாணமான புதிதில், மாலையானால் பிளாஸ்க்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு டார்டோ அவளை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போவார். சுவரில் உட்கார்ந்து, தேயிலைபோல் ஊறவைத்துக் குடிக்கும் மாத்தே இலை நிரப்பிய குடுவையில் வெந்நீர் ஊற்றுவார். கசக்கும் முதல் குடுவை ஊற்றுகிறவனுக்குத்தான். அதைத் தானே உறிஞ்சிவிட்டு, நுரை ததும்ப அடுத்ததை அவளிடம் நீட்டுவார். சண்டை போட்ட நாளிலும் அந்தக் கை நீளும். அவளும் பேசாமல் குடித்துத் திருப்பித் தருவாள். நன்றி என்று சொல்லிவிட்டால், எனக்குப் போதும், இனி ஊற்றாதே என்று அர்த்தம். தண்ணீர் தீர்ந்து ஆறு இருட்டும்வரை அந்தச் சொல் இருவர் வாயிலும் வராது.

இப்போது அவள்தான் ஊற்றுகிறாள். முதல் தடவை குடித்ததுமே அவர் நன்றி சொல்லிவிடுகிறார். நெஞ்சுக்குப் பயந்து அளவாகக் குடிக்கிறார் என்று உள்ளூர மகிழ்ந்திருந்தாள். சொந்த வீட்டிலேயே அவர் விருந்தாளியாக உட்கார்ந்திருக்கிறார் என்று இப்போதுதான் உறைத்தது.

அன்று மாலை பிளாஸ்க்கை நிரப்பி, அவர் நாற்காலிப் பக்கமாக வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

டார்டோ பிளாஸ்க்கைப் பார்த்தார். "என்ன கெழவி, கை வலிக்குதா?"

"ஆமா. நீங்க ஊத்துங்க."

தூக்கும்போது அவர் மணிக்கட்டு லேசாக நடுங்கியது. தானாக எழுந்த தன் கையை நீபியா மடியில் அழுத்திக்கொண்டாள். முதல் குடுவையைக் குடித்து அவர் முகம் சுளித்தார். அடுத்தது அவளிடம் வந்தது. வெளியே கொஞ்சம் சிந்தியிருந்தது. கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தாள்.