வட்டம் போட்ட புள்ளி

மடங்கிப்போன கண்ணாடிக் காம்பை இடுக்கியால் நிமிர்த்திக்கொண்டிருந்தாள். கணவர் விழுந்த வேகத்தில் காம்பு வளைந்து, திருகு கழன்று, மூக்கில் உட்கார்கிற சிலிக்கான் துண்டு ஒன்று எங்கோ தெறித்துவிட்டது. லென்ஸ் மட்டும் அப்படியே இருந்தது. அவள் மாட்டிய லென்ஸ் லேசில் கழன்று வராது என்று ஊருக்கே தெரியும். ஆள்தான் போய்விட்டார்.

கீழே கடை, மேலே வீடு. மேலே கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் முகத்தைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கினார்கள். வீடு மாறி வந்துவிட்டோமோ என்கிற தயக்கம்தான். கண்ணாடி இல்லாமல் அந்த முகத்தை யார் பார்த்திருக்கிறார்கள்? கடைசியில் கொழுந்தன்தான் வாய்விட்டுச் சொன்னான்.

“அண்ணி, பார்த்தா அண்ணன் மாதிரியே இல்ல. கண்ணாடிய மாட்டி விட்டுடலாமா?”

“உடைஞ்சு கிடக்கு. சரி பண்ணி எடுத்துட்டு வரேன்.”

“நீங்க எதுக்கு இந்த நேரத்துல? ஏதாவது கடையில குடுத்து...” என்று ஆரம்பித்தவன் மீதியை விழுங்கிவிட்டான். கண்ணாடிக்காரர் கண்ணாடியை எந்தக் கடையில் கொண்டுபோய்க் கொடுப்பது? “சரி, வண்டி வர்றதுக்குள்ள வந்துடுங்க” என்றான்.

அப்படித்தான் அவள் கீழே வந்து, பாதி ஷட்டரைத் தூக்கி, தன் மேசையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கை தானாக விளக்கைப் போட்டது. அழுகை மேலேயே நின்றுவிட்டது போலிருந்தது. இங்கே வேலை இருந்தது.

முன்பக்கம் உட்கார்ந்து கண் பார்ப்பது அவர். பவர் பார்க்கிற மெஷினில் லென்ஸை வைத்து, கண்மணி எங்கே வரவேண்டுமோ அங்கே மையால் ஒரு புள்ளி வைப்பதும் அவர்தான். அந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு லென்ஸைக் கல்லில் உரசி, வடிவாக்கி, பிரேமில் உட்கார வைப்பது அவள். கல்யாணம் ஆன நாள் முதல் இதே ஏற்பாடு. நடுவில் ஒரு தடுப்பு, அதில் ஒரு சின்ன ஜன்னல். ஜன்னல் வழியாகத் தட்டு வரும், போகும். கூடவே அவர் குரலும் வரும்: “சோடா, இது அவசரம்.”

சோடா என்றால் அவள்தான். இருவருமே சின்ன வயதிலிருந்து சோடாபுட்டிக் கண்ணாடி. அதிலும் அதிசயம், இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே பவர். கல்யாணத்தன்று அவசரத்தில் கண்ணாடி மாறிப்போய், அவருடையதை அவளும் அவளுடையதை அவரும் போட்டுக்கொண்டு, சாப்பாட்டுப் பந்தி வரை இருவருக்கும் தெரியவேயில்லை. யாரோ ஒரு அத்தை பார்த்துச் சிரித்த பிறகுதான் தெரிந்தது. “ஜாதகமெல்லாம் எதுக்கு? பவர் பொருந்தியிருக்கு பாரு, அது போதும்” என்று மாமனார் சொன்னாராம். அன்றைக்கு அவர் அவளுக்குச் சோடா என்று பெயர் வைத்தார். “அப்ப நான்தான் புட்டி” என்றும் சேர்த்துக்கொண்டார். அவள் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. என்னங்க என்பதோடு சரி.

திருகை இறுக்கி முடித்தாள். காம்பை மடக்கி விரித்துப் பார்த்தாள். பிறகு, யார் கண்ணாடி, எதற்கு என்றெல்லாம் யோசிக்காமல், பழக்க தோஷத்தில் எழுந்து போய் அதை மெஷினில் வைத்தாள். ரிப்பேருக்கு வந்த எதுவும் மெஷினில் பார்க்காமல் கடையை விட்டுப் போகக்கூடாது. அது அவர் போட்ட சட்டம். குழலுக்குள் பச்சைக் கோடுகள் கூட்டல்குறியாகத் தெரிந்தன. நட்டநடுவில், அசையாமல் நின்றன. வலதும் சரி, இடதும் சரி. அவள் செய்த வேலை, வேறெப்படி இருக்கும்?

ஆனால் அந்த வலது லென்ஸ் அவளிடம் வந்தபோது அப்படி இல்லை. அது ஞாபகம் வந்தது.

இந்த வருட ஆரம்பத்தில் அவர் தனக்குப் புது லென்ஸ் போட்டுக்கொண்டார். ஜன்னல் வழியாக வந்த தட்டில் வலது லென்ஸின் புள்ளி காதுப் பக்கமாகக் கொஞ்சம் தள்ளியிருந்தது. அவர் வைத்த புள்ளி தவறி அவள் பார்த்ததே இல்லை. அடடா, கை நடுங்க ஆரம்பித்துவிட்டது, வயசாகிறது என்று நினைத்தாள். கூப்பிட்டுச் சொன்னால் மனுஷன் வாடிப்போவார். அதனால் சத்தமில்லாமல் அந்தப் புள்ளியை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு, தானே சரியான நடுவில் ஒரு புள்ளி வைத்து, உரசி, மாட்டிக் கொடுத்தாள்.

அவர் போட்டுக்கொண்டு எதிர்க்கடைப் பலகையைப் பார்த்தார். கழற்றினார். மெஷினில் வைத்துப் பார்த்தார். சற்று நேரம் அந்தக் குழலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு திரும்பவும் போட்டுக்கொண்டு, “ஃபிட்டிங் பிரமாதம், சோடா” என்றார். அவர் மனசு நோகாமல் ஒரு காரியத்தை முடித்துவிட்டோம் என்று அவளுக்கு அன்று முழுவதும் உள்ளுக்குள் ஒரே குஷி.

அதற்குப் பிறகுதான் அவர் கண்ணடிக்க ஆரம்பித்தார். ஜன்னல் வழியாகத் தட்டை நீட்டும்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவளையே பார்ப்பார். கடையில் ஆள் இருந்தாலும் இதே கூத்து. சாப்பிடும்போதும் நடக்கும்.

“இந்த வயசுல இதெல்லாம் தேவையா? கஸ்டமர் பார்த்தா காறித் துப்புவாங்க.”

“பார்த்தா பார்க்கட்டும். என் பொண்டாட்டி. நீயும் ஒரு தடவையாவது திருப்பி அடிக்கலாம்ல?”

“வேற வேலை இல்ல எனக்கு.”

சிலிக்கான் துண்டு இல்லாமல் கண்ணாடி மூக்கில் சரிந்து உட்காரும். மேசையில் அதைத் தேடினாள். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் என்பதால் மேசை முழுக்கத் தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக்கிடந்தன. ஒவ்வொன்றாக நகர்த்தினாள். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த தட்டின் ஓரத்தில் அவர் கையெழுத்தில் ‘நம்ம வீடு’ என்று இருந்தது. வீட்டு ஆள் வேலை என்றால் அது எப்போதும் அடியில்தான் போகும். “புட்டிக்கு இப்ப என்ன அவசரம், ஊர்க்காரங்க முதல்ல” என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

தட்டில் இன்னும் உரசாத வட்ட லென்ஸ்கள் இரண்டு இருந்தன. அவருடைய பவர்தான். விளக்கடியில் தூக்கிப் பிடித்தாள். புள்ளி நடுவில் இல்லை. முன்பைவிட நன்றாகவே காதுப் பக்கம் தள்ளியிருந்தது. வலதில் எவ்வளவோ இடதிலும் அவ்வளவே தள்ளியிருந்தது. நடுங்குகிற கை இப்படி அளந்துவைத்தாற்போல் இரண்டு பக்கமும் தவறாது.

புள்ளியைச் சுற்றி ஒரு வட்டமும் இருந்தது.

இந்தக் கடையில் வட்டத்துக்கு ஒரே ஓர் அர்த்தம்தான். தெரிந்தேதான் வைத்திருக்கிறேன், கை வைக்காதே. மாறுகண் உள்ளவர்களுக்கு அப்படிச் செய்வது உண்டு. லென்ஸின் நடுவில் புகுகிற வெளிச்சம் நேராகப் போய்விடும். நடுவைவிட்டு விலகிப் புகுந்தால் கெட்டியான பக்கமாக வளையும். அப்படி வளைத்துத்தான் தனித்தனியாக நிற்கிற இரண்டு காட்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கொண்டுவந்து உட்காரவைக்க வேண்டும். பிரிசம் வைப்பது என்று சொல்வார்கள்.

நேற்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டிருந்தார். தலைக்குள்ளே கட்டி, அது வெடித்து ரத்தம் கசிந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, “ரொம்ப நாளாவே இருந்திருக்கும்மா. எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதுன்னு சொல்லியிருப்பாரே?” என்றார்.

“இல்லவே இல்ல டாக்டர். நாங்க கண்ணாடிக்காரங்க. அப்படி இருந்தா எங்களுக்குத் தெரியாதா?” என்று அவள் முகத்திலடித்தாற்போல் பதில் சொன்னாள்.

கடைக்கு யாராவது வந்து திடீரென்று இரண்டாகத் தெரிகிறது என்றால் அவர் கண்ணாடியே போட மாட்டார். “இது கண்ணாடியில போற சமாச்சாரம் இல்ல. முதல்ல டாக்டரைப் பாருங்க, இன்னிக்கே போங்க” என்று விரட்டாத குறையாக அனுப்பிவைப்பார். ஊரையெல்லாம் அனுப்பிவைத்தவர் தனக்கு மட்டும் புள்ளியைத் தள்ளி வைத்துக்கொண்டார். பயந்திருக்கிறார். டாக்டர் சொல்லப்போவது அவருக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. முதல் தடவை வட்டம் போட்டிருந்தால் அவள் எதற்கு என்று கேட்டிருப்பாள், அதனால் போடவில்லை. அவளோ அந்தப் புள்ளியைத் துடைத்துவிட்டாள். அவர் பாவம், மெஷினில் பார்த்துத் தெரிந்துகொண்டு, இரண்டு இரண்டாகத் தெரிகிற உலகத்தைப் பார்த்துக்கொண்டு, பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்தத் தடவை வட்டம் போட்டிருக்கிறார். கேள் என்றுதான் போட்டிருக்கிறார்.

“அடப் பாவி மனுஷா” என்றாள் வாய்விட்டு. வாயில் கையை வைத்துக்கொண்டு, மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிரேமிலிருந்து பழைய லென்ஸ்களைக் கழற்றினாள். கல்லுக்குத் தண்ணீர் திறந்துவிட்டு அதை ஓடவிட்டாள்.

சாவு வீட்டில் உரசுகிற சத்தம் கேட்டால் யாருக்குத்தான் ஒரு மாதிரி இருக்காது? மகள் படியிறங்கி வந்துவிட்டாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

“அம்மா, என்ன இது? மேல எல்லாருக்கும் கேக்குது.”

“கேட்கட்டும்.”

“பழைய கண்ணாடியே போதும்மா. கண்ணை மூடிட்டவருக்குப் புதுசு எதுக்கு?”

“உங்கப்பா ஆர்டர் குடுத்திருக்கார். நான்தான் லேட்.”

மகள் அவள் தோளைப் பிடிக்க வந்தாள். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். வந்தவள் விளக்கடியில் இருந்த மற்றொரு லென்ஸைப் பார்த்து நின்றாள். அவள் இந்தக் கடையில் தவழ்ந்து வளர்ந்தவள். வட்டத்தின் அர்த்தம் அவளுக்கும் தெரியும். கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அப்பாவுக்கு ரெண்டா தெரிஞ்சுதாம்மா?”

அவள் தலையசைத்தாள். கல் ஓடிக்கொண்டிருந்தது.

“ஒரு வார்த்தை நம்மகிட்ட சொல்லலையே.”

“சொல்லியிருக்கார். நான் பாக்கல.”

மகள் லென்ஸை ஈரத்துணியில் துடைத்து அம்மா கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு, பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

“அண்ணி! வண்டி வந்தாச்சு” என்று படியிலிருந்து கொழுந்தன் குரல் கொடுத்தான்.

“நிக்கச் சொல்லுங்க.”

“டிரைவர் அடுத்த இடத்துக்குப் போகணுமாம்.”

“கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க சித்தப்பா” என்றாள் மகள். அந்தக் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். அவன் திரும்பிப் போய்விட்டான்.

அவள் அவசரப்படவில்லை. அவசரத்தில் ஓரம் சில்லுப்போகும். வட்டத்துக்குள் இருந்த புள்ளி கண்மணி வருகிற இடத்தில் வருகிறதா என்று அளந்து பார்த்தாள். ஓரத்தை மழுக்கினாள். புதுச் சிலிக்கான் துண்டுகளை மாட்டினாள். கடைசியாக மெஷினில் வைத்தாள். பச்சைக் கூட்டல்குறி நடுவைவிட்டு விலகி நின்றது. அவர் கேட்ட இடத்தில், கேட்ட அளவுக்கு விலகி நின்றது. இந்தத் தடவை அவள் அதைத் தொடவில்லை.

மேலே போனபோது எல்லோரும் எழுந்து தயாராக நின்றிருந்தார்கள். வழிவிட்டார்கள். அவள் அவர் தலைமாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணாடி பதிந்து பதிந்து மூக்கின் இருபுறமும் விழுந்திருந்த தடம் அப்படியே இருந்தது. அதைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவிக் கொடுத்தாள்.

மாட்டிவிடத் தூக்கியவள் பாதியில் நிறுத்தினாள். தன் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, அவருடையதைத் தான் போட்டுக்கொண்டாள். யாரோ “ஐயோ பாவம்” என்றார்கள். யாரோ விசும்பினார்கள்.

பவர் பொருந்தியது. எல்லாம் தெளிவாகத்தான் தெரிந்தது. ஆனால் கண்ணை இரண்டு பக்கமும் யாரோ பிடித்து இழுத்தாற்போல் இருந்தது. இரண்டை ஒன்றாக்க வளைத்த வெளிச்சம் நல்ல கண்ணுக்கு ஒன்றை இரண்டாக்கத்தானே செய்யும்? எதிரே இரண்டு மகள்கள் நின்றார்கள். வாசலில் இரண்டு கொழுந்தன்கள், இரண்டு கதவு. குனிந்தாள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பேராக அவர் படுத்திருந்தார். எந்த முகத்தைத் தொடுவது என்று தெரியாமல் கை அந்தரத்தில் நின்றது.

அவரைப் பார்த்தபடியே அவள் ஒரு கண்ணை மூடினாள்.

ஒரே ஆளாகிவிட்டார். அவள் மூடிய கண்ணைத் திறக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். கொழுந்தன் டிரைவரிடம் இன்னும் கொஞ்சம் நேரம் கேட்பதற்காகப் படியிறங்கிப் போனான்.