ரொட்டி டின்னில் போட்ட பூ

மலேசியாவில் கோலா சிலாங்கூரிலிருந்து புக்கிட் ரோத்தான் போகும் வழியில், செம்பனை மரங்களுக்கு நடுவே இருக்கும் செலாசி தோட்டத்து ஆலயத்தில், வேதத்தில் இல்லாததை இருப்பதாகச் சொன்னால் சத்தம் வராது. வாய் அசையும், கை ஆடும், கழுத்து நரம்புகூடப் புடைக்கும். சத்தம் மட்டும் வராது. கொரோனா காலத்து எம்.சி.ஓ. ஊரடங்கு முடிந்து ஆலயம் திறந்த முதல் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இப்படித்தான். அன்று பிரசங்கத்தில் போதகர் புவனேசன், ஏவாள் பறித்துத் தின்றது ஆப்பிள் என்று சொல்ல வந்தபோது 'ஆப்பிள்' மட்டும் காணாமல் போனது. ஒலிபெருக்கி பார்க்கும் சோமு ஓடிவந்து வயரை ஆட்டினான், மைக்கை மாற்றினான். 'ஹலோ, செக்' என்றால் வந்தது, 'கோழிக்கறி' என்றால் வந்தது, ஆப்பிள்கூடத் தனியாகச் சொன்னால் வந்தது. ஏவாளோடு சேர்த்தால்தான் வரவில்லை. புரட்டிப் பார்த்தால், வேதத்தில் வெறும் கனி என்றுதான் இருந்தது, என்ன கனி என்று இல்லை. அந்த வருஷக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் கிழக்கிலிருந்து சாஸ்திரிகள் மூன்று பேர் வந்தார்கள் என்று சொல்லும்போது 'மூன்று' விழுந்துபோனது. எத்தனை பேர் என்று வேதத்தில் இல்லையாம். அடுத்த வருஷம் தாடி ஒட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பிள்ளைகள் அத்தனை பேரும் சாஸ்திரிகளாக வந்துவிட்டார்கள்; மாட்டுத்தொழுவத்தில் நிற்க இடமில்லை.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. வேதத்தில் உண்மையாகவே இருப்பதைச் சொன்னால், எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் தகரக் கூரை அதிரும். ஞாயிறு பள்ளியில் வெட்கத்தோடு முணுமுணுத்த ஒரு சின்னப் பெண்ணின் மனப்பாட வசனம் பெரிய ரோட்டு வரைக்கும் போய், பழ லோரிக்காரர் ரேடியோவைக் குறைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். சபையாருக்கு ஒரு மாதத்தில் எல்லாம் பழகிவிட்டது. போதகரின் பிரசங்கம் பாதியாகச் சுருங்கி, பின்கட்டில் கட்டி வைத்த நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு ஆறுவதற்குள் ஆராதனை முடிந்தது. அவரும் வீட்டில் உட்கார்ந்து ஒழுங்காக வாசித்துவிட்டு வரத் தொடங்கினார். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

நஷ்டப்பட்டவர் ஒரே ஒருவர், மூப்பர் திருச்செல்வம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இந்தத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த கந்தையாவின் மகன். அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், சட்டையின் கழுத்துப் பொத்தானைத் தூங்கும்போது மட்டும் கழற்றுபவர் என்று பெயர். கெட்ட மனிதர் இல்லை. சாவு வீட்டுக்கு முதல் ஆளாகப் போவார், யார் வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் வேண்டுமென்றாலும் வெயிலில் அலைவார். ஆனால் அவர் வாயில் ஒரு வாக்கியம் எப்போதும் தயாராக இருக்கும்: "வேதத்தில இருக்கு." வாலிபர்கள் கித்தார் வாசிக்கக் கூடாது, வேதத்தில் இருக்கு. பூப்போட்ட பாத்தேக் சட்டையோடு காணிக்கை எடுக்கக் கூடாது, அதுவும் இருக்கு. ஆலயத்துக்குள் அந்த வாக்கியத்துக்குச் சத்தம் நின்றுபோன பிறகு மூப்பர் இரண்டு வாரம் யோசித்தார். பிறகு தன் சட்டதிட்டங்களையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். கால்வாயைத் தாண்டி மாமரத்தடியில் நின்றால் அவர் குரல் பழையபடி கணீரென்று ஒலித்தது. செலாசி ஆலயத்தின் அதிகாரம் அன்று முதல் மாமரத்தடியில் குடியிருந்தது.

அந்தச் சட்டங்களிலேயே பெரியது பூ. பெண்கள் தலையில் பூவோடு ஆலயத்துக்குள் வரக் கூடாது. கந்தையா கிராணி காலத்திலிருந்தே வாசலில் ஒரு பெரிய சதுர ரொட்டி டின் உண்டு. வருகிற பெண்கள் பூவை எடுத்து அதில் போட்டுவிட்டுத்தான் படியேற வேண்டும். ஆராதனை முடிந்ததும் மூப்பர் டின்னை மாமரத்தடியில் கவிழ்ப்பார். மரம் நாளடைவில் மல்லிகை வாசத்தோடு காய்க்க ஆரம்பித்தது. ஊறுகாய்க்கு அது நன்றாகவே இருந்தது. மூப்பரின் மனைவி வாகீஸ்வரி, கல்யாணத்தன்று கூந்தல் நிறையக் கனகாம்பரமும் மல்லிகையுமாக வந்து இறங்கியவர், அத்தனையையும் அந்த டின்னில்தான் போட்டார். அதற்குப் பிறகு அவர் பூவும் வைக்கவில்லை, பூவைப் பற்றிப் பேசவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் டின்னைக் கடக்கும்போது மட்டும் புருஷன் முகத்தைப் பார்க்காமல் போவார்.

பூச் சட்டத்தை உள்ளே போய்ச் சொல்லிப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று யாருக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் சத்தம் வந்து தொலைத்துவிட்டால் என்ன செய்வது? பிறகு காலத்துக்கும் பூ கிடையாது. பெண்கள் அந்தப் பயத்தில் சும்மா இருந்தார்கள், மூப்பர் வேறொரு பயத்தில் சும்மா இருந்தார். அப்படியே வருஷங்கள் ஓடின.

முடிச்சு விழுந்தது மூப்பரின் மகள் நிருபாவால். அவள் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்டாக இருந்தாள். தமிழ்ப்பள்ளி ஆசிரியன் சசிகுமாரை அவளுக்குப் பிடித்துப்போனது. சசிகுமாரும் அதே சபைப் பையன்தான். ஆனால் அவன் தாய் இராஜம்மா, கோலா சிலாங்கூர் மார்க்கெட் ஓரத்தில் பூக்கட்டி விற்பவள். அந்தப் பக்கத்துக் கோயில் மாலை, கார் மாலை, கல்யாண மாலை எல்லாம் அவள் கை கட்டியதுதான். ஞாயிறு தவறாமல் தன் தலைப்பூவைச் சத்தமில்லாமல் டின்னில் போட்டுவிட்டு உள்ளே போனவள், மகனுக்கு நிச்சயதார்த்தம் என்றதும் மாமரத்தடியில் வந்து நின்றுகொண்டாள்.

"ஐயா, பூ வெக்காம என்ன நிச்சயம்? என் கையால கட்டின பூவ மருமவ தலையில, நம்ம கோயிலுக்குள்ள, கர்த்தர் முன்னால நான் வெக்கணும். இல்லாட்டி தட்ட எடுத்துக்கிட்டு வந்த வழியே போயிருவேன். அந்த டின்னுல போடுறதுக்கு என் பூ என்ன ரொட்டியா?"

"நான் என்ன செய்யிறது இராஜம்மா? வேதத்தில இருக்கு," என்றார் மூப்பர். மாமரத்தடி என்பதால் நன்றாகவே கேட்டது.

பக்கத்தில் நின்ற நிருபா, "அதை உள்ள போய்ச் சொல்லுங்கோ அப்பா," என்றாள். "சத்தம் வந்தா நான் வாழ்க்கையில பூவே தொடமாட்டன். மாமியும் பேசாம சம்மதிக்கோணும். வராட்டி, மாமி பூ வைக்கட்டும். ஓகேயா?"

"வேதம் சொன்னா கேட்டுக்கிறேன் லா," என்றாள் இராஜம்மா. "இவரு சொன்னா கேக்க மாட்டேன்."

வாழ்நாளெல்லாம் வேதம்தான் முடிவு என்று சொல்லிவந்த மனிதர், அதைப் பேச விடமாட்டேன் என்று எப்படிச் சொல்வார்? மூப்பர் அந்த வாரம் முழுக்க வேதத்தைப் புரட்டினார். பெண்களின் அலங்காரத்தைப் பற்றிச் சொல்லுமிடத்தில் கூந்தலைப் பின்னுவது இருந்தது, பொன் நகை இருந்தது. இரண்டுக்கும் நடுவில் பூவும் இருந்ததென்று அவர் சத்தியமே பண்ணியிருப்பார். இப்போது இல்லை. எத்தனையோ தடவை வாசித்த இடம். வேறெங்காவது இருக்கும், நமக்குத்தான் கண்ணில் படவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டார். சத்தம் வராவிட்டால் மூப்பர் என்ற பேரில் என்ன மிஞ்சும் என்று நினைத்தபோது அவருக்குச் சோறு இறங்கவில்லை. பூ வேண்டாமென்று பிடிவாதம் பிடித்தால் மகளின் முகம் வாடும் என்று நினைத்தபோதும் இறங்கவில்லை.

நிச்சயதார்த்தத்துக்கு உலு யாமிலிருந்தும் பத்தாங் காலியிலிருந்தும் உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். இராஜம்மாவின் பூத்தட்டு வாழை இலையால் மூடி மாமரத்தடியில் காத்திருந்தது. மூப்பர் பிரசங்கபீடத்தில் ஏறினார், தொண்டையைச் செருமினார். "பெண்கள் பூ வைக்கக் கூடாதென்று வேதம் சொல்லுகிறது," என்றார். வாய்தான் அசைந்தது. கூரைமேல் ஒரு மைனா நடப்பது எல்லோருக்கும் கேட்டது. மூப்பர் விடவில்லை. பூ வாடிப்போகும் என்று வேதம் சொல்லுகிறது என்றார். அது இருக்கிறது, ஆகையால் ஜன்னல்கள் அதிர வந்தது. ஆகவே பூ வைக்காதே என்றார். வாய் மட்டும் திறந்து மூடியது. கடைசியில் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, தெரிந்த ஒன்றையாவது சொல்லுவோம் என்று, பின்னிய கூந்தலும் பொன் நகையும் பெண்ணுக்கு அலங்காரமாக இருக்க வேண்டாம் என்று மெல்லத்தான் சொன்னார். தகரக் கூரை இடி இடித்தது. ஆலயத்திலிருந்த கைகளில் பாதி பின்னலுக்குப் போயின, பாதி சங்கிலிக்குப் போயின. பத்தாங் காலி அத்தை ஒருத்தி வளையல்களை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். இத்தனை காலம் டின்னில் விழ வேண்டியது விழவில்லை, விழ வேண்டாதது விழுந்திருக்கிறது என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

மூப்பர் திருச்செல்வம் பீடத்தின் இரண்டு ஓரங்களையும் பிடித்துக்கொண்டு நின்றார். ஓடிப்போய்விடலாம் போல இருந்தது. பிறகு, என்ன ஆனாலும் அவர் வேதத்துக்குப் பயந்த மனிதர்தானே, நிமிர்ந்து சொன்னார்: "வேதம் சொல்லேல்லை. நான்தான் சொன்னனான். எனக்கு முதல் என்ர அப்பா சொன்னவர். நாங்கள் சொன்னதை வேதத்தின்ர தலையில கட்டிப்போட்டம். மன்னிச்சுக்கொள்ளுங்கோ." மைக் இல்லாமலே கடைசி பெஞ்சுவரை ஒவ்வொரு சொல்லும் விழுந்தது. அவர் அந்த ஆலயத்தில் பேசியதிலேயே சபை கண்கலங்கிக் கேட்டது அதுதான். இராஜம்மா தட்டோடு படியேறினாள், டின்னைத் தாண்டினாள், மருமகளின் கூந்தலில் பூவை வைத்துவிட்டு அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

"இராஜம்மா, இன்னொரு முழம் இருக்கோ?" என்று கேட்டார் மூப்பர். வாங்கிக்கொண்டு போய் வாகீஸ்வரி பக்கத்தில் நின்றார். அவருக்குப் பூ வைக்கத் தெரியவில்லை. ஊசி எங்கே குத்துவதென்று புரியவில்லை. வாகீஸ்வரி அம்மா தலையைக் குனிந்து கொடுத்தார். வைத்து முடித்ததும் மூப்பருக்கு ஒரு குறும்பு வந்தது. சத்தம் வராது என்ற தைரியத்தில் மனைவியின் காதருகே குனிந்து, "நீ நல்ல வடிவெண்டு வேதத்திலேயே இருக்கு," என்றார்.

கூரை அதிர்ந்தது. மைனா பறந்தது. ரோட்டில் போன பழ லோரி நின்றேவிட்டது. மணவாளன் தன் மணவாட்டியின் அழகைப் பாடும் அதிகாரங்கள் வேதத்தில் இருக்கின்றன. குடும்ப ஜெபத்தில் மூப்பர் அந்தப் பக்கங்களை எப்போதும் புரட்டித் தள்ளிவிட்டுப் போவார், அதனால் மறந்திருந்தார்.

வாகீஸ்வரி அம்மா பூவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "எனக்குத் தெரியும்," என்றார். "நான் எப்பவோ வாசிச்சிட்டன்."

நகை வழக்கு இன்னும் தீரவில்லை. நகை போடலாம் என்று வேதம் சொல்லுகிறது என்று போதகர் முயன்று பார்த்தார், சத்தம் வரவில்லை. உள்ளத்தின் அழகே அழகு என்பது மட்டும் ஒவ்வொரு தடவையும் இடியாக வருகிறது. ரொட்டி டின் வாசலிலேயே இருக்கிறது. இராஜம்மா அதில் பூச்சரம் கொண்டுவந்து வைக்கிறாள், விருப்பமுள்ளவர்கள் எடுத்துக்கொண்டு படியேறுகிறார்கள். மூப்பர் இப்போது "நான் நினைக்கிறன்" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். முன்னைவிட அதிகம் பேர் யோசனை கேட்டு வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கலியாணமான ஆண்கள் சிலர் மனைவியின் காதில் குனிந்து அதையே சொல்லிப் பார்க்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் கூரை அதிர்கிறது. பழ லோரிக்காரர்கள் அந்த வளைவு வந்ததும் ரேடியோவைக் குறைத்துக்கொள்கிறார்கள்.