மணியடித்தால் மன்னிப்பு

ஹோட்டல் சலவை அறையில் நீராவியில் வெந்தது போதும் என்று வரவேற்பு மேசை வேலைக்கு மனுப் போட்டேன். அங்கே ஏசி உண்டு, டை உண்டு, உட்கார நாற்காலியும் உண்டு. முட்டுக்கட்டை ஆங்கிலம் ஒன்றுதான்.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் ஆங்கில டீச்சர். நேர்காணலுக்கு ஒத்திகை பார்க்கிறேன் என்று நான் "இன்ட்ரஸ்டட் டு வொர்க்" சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்ட்ரஸ்டட் இன் வொர்க்கிங்! இன், ஃபார், ஆஃப்னு குட்டி வார்த்தை வந்தா, பின்னால வர்ற வினைச்சொல்லுக்கு 'இங்'னு வால் ஒட்டணுங்க. எத்தனை தடவை சொல்றது?"

கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனதும் வழியை மாற்றினாள். நான் தப்பாகச் சொன்னால் சாப்பாட்டுத் தட்டில் கரண்டியால் 'டிங்' என்று ஒரு தட்டு. திருத்திச் சொன்னால்தான் அடுத்த கவளம். வயிறு எதையும் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். டிங் சத்தம் கேட்டாலே வாய் தானாகத் திருத்த ஆரம்பித்துவிட்டது.

மேனேஜர் நேர்காணலை வரவேற்பு மேசையிலேயே வைத்தார். அதன்மேல் விருந்தினர் தட்டிக் கூப்பிட ஒரு மணி இருக்கும் என்பதைப் பாவி நான் யோசிக்கவே இல்லை.

"வர்ற கெஸ்டை நீங்களே கவனிங்க பார்ப்போம்," என்றார்.

வந்தவர் ஒரு பெரியவர். குளிக்க வெந்நீர் வரவில்லை என்று ஆங்கிலத்தில் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

"சாரி ஃபார் கீப் யூ வெயிட்டிங்," என்றேன்.

கோபத்தில் மணியை ஓங்கித் தட்டினார். டிங்!

"சாரி ஃபார் கீப்பிங் யூ வெயிட்டிங்!"

மறுபடி டிங். திருத்த ஒன்றும் மிச்சமில்லை. வாய் நின்றால்தானே! "சாரி ஃபார் நாட் கிவிங் ஹாட் வாட்டர்!" டிங். "சாரி ஃபார் ஸ்பாயிலிங் யுவர் மார்னிங்!" டிங். "சாரி ஃபார் ஸ்டாண்டிங் ஹியர்!"

மேனேஜர் முகத்தைப் பொத்திக்கொண்டார். வேலை போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பெரியவரின் கை மணிக்கு மேலேயே நின்றது. "போதும் தம்பி," என்றார், தமிழில். "எங்க வீட்ல இன்னிக்கு வரைக்கும் எங்கிட்ட யாரும் சாரி சொன்னதே இல்ல. விடு, பச்சைத் தண்ணியிலயே குளிச்சுக்கறேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

மேனேஜர் முகத்திலிருந்து கையை எடுத்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாளைக்கே சேர்ந்துடுங்க. வெந்நீர் வர இன்னும் ஒரு வாரம் ஆகும்."