காதில் பூச மறந்த மை

அந்தத் தியேட்டரில் டிக்கெட் கொடுப்பவளை முதலாளியைத் தவிர எல்லாரும் 'கவுன்ட்டர் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பது வருஷத்துக்கு முந்தைய குடும்பப் படம் ஒன்றை விடுமுறைக்கு மறுபடி போடப்போவதாக முதலாளி சொன்னதும் அக்கா எண்ணிக்கொண்டிருந்த டிக்கெட் கட்டை அப்படியே கீழே வைத்தாள்.

காரணம், படத்தில் வரும் சமையல்காரன். அவன் அக்காவைப் போலக் கறுப்பினத்தவன். நடித்தவரோ வெள்ளை வெளேரென்ற ஆள். முகமெல்லாம் மையை அப்பிக்கொண்டு, கண்ணை உருட்டி, கண்ணாடியில் தன்னையே கண்டு அலறி மாவு டின்னுக்குள் தலைகுப்புற விழுவார். அக்கா பள்ளியில் படித்த காலத்தில் அந்த இடத்தில் கொட்டகையே விழுந்து விழுந்து சிரிக்கும். மறுநாள் வகுப்பில் யாராவது அவள் தலையில் ஒரு பிடி மாவைக் கொட்டுவார்கள்.

இப்போது, அந்தக் காட்சியைத் தூக்கச் சொல்லிப் பாதிப் பேர் போன் செய்தார்கள். தூக்கினால் இந்தப் பக்கமே வரமாட்டோம் என்று மீதிப் பேர். முதலாளி தலையைப் பிய்த்துக்கொண்டார்.

"நீயே சொல்லும்மா, வெட்டிடலாமா?"

"வேண்டாம் சார். அந்த இடம் வர்றப்ப லைட்டை மட்டும் போடுங்க. யார் யாரு சிரிக்கிறாங்கன்னு நான் பாக்கணும்."

முதலாளி விளையாட்டு என்று நினைத்தார். அக்கா விளையாடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்கு நல்ல கூட்டம். சமையல்காரன் கண்ணாடியை நெருங்கியதும் விளக்குகள் எரிந்தன. திரைக்குக் கீழே அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் பாதிச் சிரிப்பை இருமலாக்கினார். பக்கத்து அம்மாள் வாய் நிறையப் பாப்கார்னோடு சிலையானாள். மாவு டின் உருளும் சத்தம் மட்டும் கேட்டது.

அப்போது நடுவிலிருந்து ஒரு சின்னப் பெண் கத்தினாள்: "அம்மா, அந்த மாமாவுக்குக் காதுல மை பூச மறந்துட்டாங்க!"

அக்காவும் திரும்பிப் பார்த்தாள். ஆமாம்! முகம் அடுப்புக்கரி, காது மட்டும் பால் வெள்ளை. கொட்டகை அதிர்ந்தது. சிரித்த சிரிப்பில் அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இடைவேளையில் அந்த இருமல் பெரியவர் கவுன்ட்டருக்கு வந்தார்.

"இருபது தடவையாவது பாத்திருப்பேன்மா. காதை ஒரு தடவைகூடக் கவனிச்சதில்ல."

"அப்பல்லாம் காதைப் பாக்கவா வந்தீங்க?"

பெரியவர் தலையைச் சொறிந்தார். "இல்லம்மா. சிரிக்கத்தான் வந்தேன். தப்புதான்" என்றார்.

அக்கா கவுன்ட்டரைச் சாத்திவிட்டு, மீதிப் படத்தைப் பார்க்கக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். முடிவில், பிரிந்துபோன தாயும் பிள்ளைகளும் ரயில் நிலையத்தில் ஒருவரையொருவர் கண்டு ஓடிவந்தபோது அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"பாழாப்போன படம்!" என்று மூக்கைச் சிந்தினாள். "இந்த இடத்தை மட்டும் இவ்வளவு நல்லா எடுத்துத் தொலைச்சிருக்கானுங்களே!"