பதினெட்டு டிகிரி

"ஏ.சி.யை அணைக்கணும் சார்" என்றேன்.

அறையில் இருந்த மூன்று ஆண்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஸ்டுடியோவில் யாரும் சொல்லக்கூடாத வாக்கியம் அது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மச்சான் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு எச்சரித்திருந்தார். "லீவு கேளு, தரமாட்டோம், ஆனா கேளு. ஏ.சி.யை மட்டும் குறைக்கச் சொல்லிடாதே. உனக்கு முன்னாடி இருந்தவனுக்கு சைனஸ். ஒரே ஒரு வாட்டி கேட்டான். இப்ப எங்க இருக்கான்னு எனக்கே தெரியல."

மச்சான் சார் எங்கள் மேனேஜர். சாருடைய மனைவியின் தம்பி என்பதைத் தவிர வேறு தகுதி எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. சார் அவரை மச்சான் என்று கூப்பிடுவதால் நாங்களும் அப்படியே கூப்பிட்டு, மரியாதைக்கு ஒரு சாரைப் பின்னால் ஒட்டிக்கொள்வோம். சார் இசையமைப்பாளர். ஏதோ ஒரு பத்திரிகை அவரை 'ஒலியின் விஞ்ஞானி' என்று எழுதிவிட்டது. அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு, கழிப்பறைக்குப் போகும் வழியில் மாட்டியிருக்கிறார். வருகிறவர் எவரானாலும் ஒரு முறையாவது அந்தப் பக்கம் போய்த்தானே ஆகவேண்டும்.

ஒலியின் விஞ்ஞானி பதினெட்டு டிகிரியில் கறுப்புத் தோல் ஜாக்கெட் போட்டு உட்கார்ந்திருப்பார். குளிருக்காகப் போட்ட ஜாக்கெட்டா, ஜாக்கெட்டுக்காக வைத்த குளிரா என்பது எனக்கு வெகுநாள் விளங்கவில்லை.

அவர் முதுகுக்குப் பின்னால் சுவரை அடைத்து ஒரு பெட்டி நிற்கும். அதில் வரிசை வரிசையாகத் தகடுகள். ஒரு தகடு சத்தத்தை உண்டாக்கும், இன்னொன்று அதைச் சீவும், மற்றொன்று ஏற்றி இறக்கும். எதை எதோடு சேர்ப்பது என்று யோசித்து நாமே வயர் செருகவேண்டும். மாடுலர் சின்தசைசர் என்பது இதுதான். டிஜிட்டல் சின்தசைசர் அப்படியில்லை. ஒரு சத்தத்தைச் செய்து பெயர் வைத்துச் சேமித்துவிட்டால், அடுத்த வருடம் பொத்தானை அழுத்தினாலும் அதே சத்தம் கைகட்டி வந்து நிற்கும். இந்தச் சுவருக்கு அந்த ஞாபகசக்தி கிடையாது. வயரைப் பிடுங்கினால் சத்தம் போனது போனதுதான்.

சார் இந்தச் சுவரை வாசித்து நான் பார்த்ததில்லை. அதன் முன்னால் நின்று பார்த்திருக்கிறேன். "புதுசா ஒரு சவுண்டைத் தேடிட்டே இருக்கேன். தூக்கமே வர்றதில்ல" என்று பேட்டி கொடுப்பார். பேட்டி எடுக்க வந்தவர்கள் போனதும், டிஜிட்டல் சின்தசைசரில் கடையிலேயே போட்டுக் கொடுத்த சத்தங்களில் முதல் பக்கத்தைத் தாண்டாமல் ஒரு பாட்டை முடிப்பார். இரண்டாம் பக்கம் என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்தான்.

சுவரைத் துடைப்பது என் வேலை. போட்டோ எடுக்க ஆள் வரும் நாட்களில் கூடுதலாக வயரும் செருகவேண்டும். எந்த வயர் எங்கே என்பதல்ல, எந்த நிறம் எங்கே என்பதுதான் கணக்கு. "செவப்பு நிறையப் போடும்மா. போட்டோல நல்லா விழும்" என்பார் மச்சான் சார். அதனால் எனக்கு அங்கே வயரு என்று பெயர்.

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் படிக்கப் போன முதல் ஆள். எனக்கு முன்னால் உள்ளே போன என் பெரியப்பா, சுவருக்குப் பெயிண்ட் அடிக்கப் போனவர். அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறாள். நாள் முழுக்க ஆவியிலேயே நிற்கிறவளுக்கு உலகத்தில் இரண்டே வகை வேலைதான்: வேர்க்கிற வேலை, வேர்க்காத வேலை. "எம்பொண்ணு ஏ.சி. ரூம்ல உக்காந்து வேலை பாக்குறா" என்று கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் உட்காருவதில்லை, ஏணி மேல் நின்று துடைக்கிறேன் என்பதை அவளிடம் நான் சொல்லவில்லை.

அந்தச் சுவரில் ஒரு தகடு மட்டும் என்னுடையது. கடைசி வருடம் காலேஜில் நானே பற்றவைத்துச் செய்த ஆசிலேட்டர். ஆசிலேட்டர்தான் சத்தத்துக்கு மூலம். விலை உயர்ந்தவற்றில், சூடு ஏறினாலும் சுதி நகராமல் இருக்க உள்ளே ஒரு ஏற்பாடு இருக்கும். என்னுடையதில் அது இல்லை. வாங்க வசதி இல்லை. "சூடானா சுதி விலகுது" என்று புரொஃபசர் மார்க்கைக் குறைத்தார். சுவரில் ஓரிடம் காலியாக இருந்ததைப் பார்த்த சார், "பல்லு போன மாதிரி தெரியுது. உன்கிட்ட ஏதோ இருக்குன்னியே, அதை வச்சு அடை" என்றார். அடைத்தேன். நாலு திருகாணி. அடுத்த படத்தில் டைட்டிலில் என் பெயர் வரும் என்று சேரும்போது சொல்லியிருந்ததால், அப்போதெல்லாம் எதைச் சொன்னாலும் செய்துகொண்டிருந்தேன்.

போன வாரம் ஏ.சி. பழுதானது. "ரெடியானதும் கூப்பிடுங்க" என்று சார் வீட்டோடு இருந்துவிட்டார். மச்சான் சார் காரில் ஏ.சி. போட்டுக்கொண்டு வாசலிலேயே அலுவல் பார்த்தார். அறை எனக்குக் கிடைத்தது.

போட்டோவுக்குச் செருகிய வயரை எல்லாம் உருவிப் போட்டேன். காதுக்கு என்று முதல் முறையாகச் செருகினேன். அங்கிருந்த நல்ல ஆசிலேட்டர் ஒன்றையும் என்னுடையதையும் ஒரே சுதியில் வைத்துச் சேர்த்தேன். அறை புழுங்கப் புழுங்க, நல்லது நின்ற இடத்திலேயே நின்றது. என்னுடையது மெல்ல விலகியது. விலகி, திரும்பி வந்து, உரசி, மறுபடி விலகியது. பக்கத்து அறையில் யாரோ கோபத்தை அடக்கிக்கொண்டு மூச்சு விடுவதுபோல் ஒரு சத்தம். எந்த டிஜிட்டல் பெட்டியின் எந்தப் பக்கத்திலும் அது இல்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கொஞ்சம் பதிவு செய்து மச்சான் சாரிடம் கொடுத்தேன். அவர் அதை 'சாரின் புதுத் தேடல்' என்று டைரக்டருக்கு அனுப்பிவைத்தார்.

டைரக்டர் உடனே போன் செய்தார். இதுவரை கேட்டதே இல்லையாம். படம் முழுக்க அந்தச் சத்தம் வேண்டுமாம். சார் என்னைக் கூப்பிட்டு, "நம்ம சவுண்டை நல்லா நீளமா எடுத்துடணும்மா" என்றார். நம்ம.

ஏ.சி.யைச் சரிசெய்தார்கள். சத்தம் வரவில்லை.

அதே வயர், அதே திருகு. போனில் படம் பிடித்து வைத்திருந்தேன், ஒன்றும் மாறவில்லை. வந்ததென்னவோ அயோக்கியத்தனமே இல்லாத ஒரு நேர்கோடு. "எதையோ புடுங்கிட்டா" என்றார் மச்சான் சார். "பொறுப்பா வச்சுக்கத் தெரியல" என்றார் சார். பழைய பதிவைக் கம்ப்யூட்டரில் இழுத்து நீட்டினார்கள். ஆஸ்பத்திரியில் லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது கேட்பது போல இருக்கிறது என்றார் டைரக்டர். டிஜிட்டலில் அதே மாதிரி செய்யப்போவதாக சார் ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டார். முதல் பக்கத்திலேயே தேடியிருப்பார்.

எனக்கும்தான் காரணம் தெரியவில்லை. நேற்று சாயங்காலம் அம்மா துணி துவைக்க எடுக்கும்போது என் சட்டையை முகர்ந்து பார்த்தாள்.

"ஏ.சி. சரியாயிடுச்சாடி?"

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"போன வாரம்லாம் சட்டையப் புழிஞ்சா தண்ணி வந்துச்சு. இப்ப துவைக்கவே வேணாம் போலிருக்கு. அதான் கேட்டேன். நல்லா ஜில்லுனு இருக்குமா?"

ஒரு வாரமாக அந்தச் சுவரில் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தேன், அறையைத் தொட்டுப் பார்க்கவில்லை. படித்த லட்சணம்.

இன்றைக்கு டைரக்டர் நேரிலேயே வந்துவிட்டார். சத்தம் இல்லையென்றால் வேறு ஆளைப் பார்ப்பதாகச் சொல்ல வந்தவர், அதைச் சொல்லாமல் சோபாவில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் நான் ஏ.சி.யை அணைக்கச் சொன்னேன்.

"சின்னப் பொண்ணு, குளிருது போல" என்று சிரித்துவிட்டு, சார் என்னைக் கழிப்பறை வழிக்குத் தள்ளிக்கொண்டு போனார். அவர் தலைக்கு மேல் ஒலியின் விஞ்ஞானி சட்டத்துக்குள் புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன இது? வெளி ஆள் முன்னாடி?"

"சூட்டுலதான் அந்தச் சத்தம் வரும் சார். அணைச்சா வந்துடும். வந்தா, அது நான் பண்ணுனதுன்னு டைரக்டர்கிட்ட நீங்க சொல்லணும். டைட்டில்ல என் பேர் வரணும்."

"நீ என் பொண்ணு மாதிரிம்மா. உன் பேரைப் போடாம விடுவேனா?"

"உங்க பொண்ணு பேரைப் போன படத்துலயே போட்டீங்களே சார். ஒலி வடிவமைப்புன்னு. அவ ஸ்கூல் போயிட்டிருக்கா."

சார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வாய் ஜாஸ்தி உனக்கு. சரி, சொல்றேன். போய் அணை."

அணைத்தேன். ஜன்னல் இல்லாத அறை. சூடு மெதுவாக வந்து ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தது. டைரக்டர் சட்டைக் கையை மடித்தார். மச்சான் சார் ஒரு அட்டையால் முதலில் தனக்கு விசிறி, பிறகு சாருக்கு விசிறினார். "ஜாக்கெட்டைக் கழட்டிடுங்களேன் அத்தான்" என்றதற்கு சார் முறைத்தார். நான் சுவரோரம் நின்று என் தகட்டின் மேல் விரலை வைத்திருந்தேன். நேர்கோடு போல் போய்க்கொண்டிருந்த சத்தத்தில் லேசாக ஒரு நடுக்கம் வந்தது. பிறகு ஒரு விலகல். பிறகு அந்த மூச்சு.

டைரக்டர் காலாட்டுவதை நிறுத்தினார்.

சார் எழுந்தார். ஜாக்கெட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சுவருக்கு வந்து, கண்ணை மூடி, ஒரு திருகைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருகினார். அந்தத் தகட்டுக்கு ஒரு வயர்கூடப் போகவில்லை. வீட்டுக் கதவுக் குமிழைத் திருகியிருந்தாலும் அதே பலன்தான். ரெக்கார்டிங்கை ஓடவிடவேண்டிய மச்சான் சார் அதை மறந்து, போனைத் தூக்கிக்கொண்டு சாரைப் படம் பிடிக்க ஓடினார். அந்த வீடியோவில் மச்சான் சார் மூச்சு வாங்குவதுதான் கேட்கும்.

"எப்படி சார் புடிச்சீங்க இதை?" என்றார் டைரக்டர். ஓடாத படங்களாக எடுத்தாலும் மனிதருக்குக் காது இருந்தது.

சார் கண்ணைத் திறந்தார். "குளிர்ல சத்தம் தூங்கிடுது. எழுப்பணும்னு விடியக்காலையில தோணுச்சு. அதான் ஏ.சி.யை அணைக்கச் சொன்னேன்."

அவருடைய காதோரத்திலிருந்து கறுப்பாக ஒரு கோடு இறங்கியது. தாடை வரை வந்து, ஜாக்கெட் காலருக்குள் போனது. பின்னாலேயே இன்னொன்று. அப்போதுதான் அந்த ஸ்டுடியோவின் சட்டம் எனக்கு விளங்கியது. சைனஸ்காரனின் வேலையைத் தின்றது தலைமுடிச் சாயம்.

"சார்" என்றேன். "என்னமோ சொல்றேன்னு சொன்னீங்களே. டைரக்டர் சார்கிட்ட."

"ஆமாமா" என்று என் தோளில் தட்டினார். "இவளைப் பத்திச் சொல்லணும். குடும்பத்துலயே முதல் பட்டதாரி. ரொம்பக் கஷ்டப்பட்ட குடும்பம். நான் சொல்லச் சொல்ல வயரெல்லாம் கரெக்டா செருகுவா. இந்த மாதிரிப் பிள்ளைங்களை நாமதான் தூக்கி விடணும்."

"உங்களுக்கு நல்ல மனசு சார்" என்றார் டைரக்டர்.

"வயரு, சாருக்குத் தண்ணி கொண்டா. ஜில்லுனு."

என் பை மூலையில் இருந்தது. காலையில் அதில் ஸ்க்ரூ டிரைவரைப் போடும்போது, "அது எதுக்குடி?" என்று அம்மா கேட்டாள். "ஒரு சாமான் கழட்டணும்மா" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். சார் வாக்குக் கொடுத்தபோதும் அதை நான் வெளியே எடுத்துப் போட்டுவிடவில்லை.

முதலில் சுவரின் மெயின் சுவிட்சை அணைத்தேன். கரண்டோடு பிடுங்கினால் என் தகட்டுக்கு ஆகாது. தகடுகளில் இருந்த சின்ன விளக்குகள் எல்லாம் ஒன்றாகச் செத்தன. சத்தம் பாதி மூச்சில் நின்றது.

"ஏய், என்ன பண்றே?" என்றார் மச்சான் சார். போன் இன்னும் தூக்கியபடியே இருந்தது.

"என்னோடதை எடுத்துக்கறேன்." முதல் திருகாணி. "காலேஜ்ல நான் செஞ்சது. சூடானா சுதி விலகுதுன்னு மார்க்கைக் குறைச்சாங்க. அந்த விலகலைத்தான் இவ்வளவு நேரம் கேட்டுட்டிருந்தீங்க."

"அப்ப அந்தச் சவுண்டு?" என்று டைரக்டர் என்னையும் சாரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சாரைக் கேளுங்க. மறுபடியும் எழுப்பிக் குடுப்பார்."

"மா, உக்காரு, பேசலாம்" என்றார் சார். கன்னத்தைத் துடைத்தார். கறுப்பு காதுவரை ஈஷிக்கொண்டது. "பேருதானே. போட்டுடலாம்மா. பெரிய எழுத்துல போடுவோம்."

நாலாவது திருகாணியும் வந்துவிட்டது. தகட்டை உருவித் துப்பட்டாவில் சுற்றினேன். அது இருந்த இடம் சுவரில் கறுப்பாகத் தெரிந்தது, பல்லு போன மாதிரி. மேசையில் இருந்த ரிமோட்டை எடுத்து ஏ.சி.யைப் போட்டு மச்சான் சார் கையில் வைத்தேன்.

"பதினெட்டுல வச்சிருக்கேன் மச்சான். அத்தானுக்கு ஒழுகுது பாருங்க."

சாரை விட்டுவிட்டு வெறும் மச்சான் என்று அவரை நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பையை மாட்டிக்கொண்டு, சட்டத்துக்குள் சிரித்தவரைத் தாண்டி, வெளிக்கதவைத் தள்ளினேன். தகடு துணிக்குள் இன்னும் சூடாகத்தான் இருந்தது. வெளியே நல்ல வெயில்.